டெல்லிக்குக் குடிபோகிறவர்களுக்கு: சமையலறையை ஊருக்கேற்ப மாற்றும் வழி

தமிழ்நாட்டிலிருந்து டெல்லி, நொய்டா, குர்கான் பக்கம் மாற்றலாகிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் 25 கிலோ புழுங்கலரிசி, நல்லெண்ணெய் டின், பொடி வகைகள் என்று மூட்டை கட்டிக்கொண்டு போய், அது தீரும்வரை ஊர்ச் சமையலே செய்துவிட்டு, தீர்ந்ததும் திண்டாடுவார்கள். இன்னொரு சாரார் போன மறுநாளே மூன்று வேளையும் ரொட்டிக்கு மாறி, பத்தாம் நாள் வயிறு உப்பி, தோசைக் கடையைத் தேடி ஓடுவார்கள்.

நடைமுறையில் நிற்கிற வழி ஒன்று உண்டு. காலை டிபனும் கடைசி மோர்சாதமும் நம் முறையில் இருக்கட்டும். காய், பருப்பு, இரவு ரொட்டி இவற்றை அந்த ஊர் முறைக்கு விட்டுவிடுங்கள். நம் பொரியலும் கூட்டும் தேங்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலையை நம்பியவை. அவை அங்கே விலை கூட, பல நாள் பழசு. ஆனால் அங்கே மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கிற சுரைக்காயும் கீரையும் சீரகம், இஞ்சி, தக்காளி வைத்துச் செய்யும் அவர்கள் பக்குவத்தில் நன்றாக வருகின்றன. நான்கு மாதத்தில் பழகிவிடும் விஷயம் இது.

எதை எடுத்துப் போவது

குறைவாக. சாம்பார்பொடி, ரசப்பொடி அரை அரை கிலோ போதும். மூன்று மாதத்துக்கு மேல் வாசனை நிற்காது. காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் மழைக்காலத்தில் கட்டி பிடிக்காது. நல்லெண்ணெய் 2 லிட்டர். சாதாரண மளிகைக் கடையில் 'தில் கா தேல்' என்று கேட்டால் சில இடங்களில் விளக்குக்கோ உடம்பில் தேய்க்கவோ விற்பதைக் கொடுப்பார்கள். உணவுக்கானது என்ற முத்திரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. டில்டிங் கிரைண்டர் இருந்தால் அதையும், கூடவே உபரியாக ஒரு பெல்ட்டையும் எடுத்துப் போங்கள். கிரைண்டரை அங்கும் வாங்கலாம். அந்த பெல்ட்டைத் தேடி அலைவதுதான் பெரும்பாடு.

அரிசி மூட்டை வேண்டாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னிந்தியச் சாமான் கடைகள் உண்டு. இட்லி அரிசி, முருங்கைக்காய், வாழையிலை, சிக்கரி கலந்த காப்பிப்பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். கரோல் பாக், ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார் போன்ற தமிழர்களும் மலையாளிகளும் அதிகம் இருக்கும் பகுதிகளிலும் இப்படிக் கடைகள் உண்டு. மாதம் ஒரு நடை போனால் போதும்.

கடையில் கேட்கிற பெயரும் அளவும்

காய்காரர் 'பீஸ் ருபயே பாவ்' என்றால் கிலோ 20 ரூபாய் இல்லை. பாவ் என்பது கால் கிலோ. அதாவது கிலோ 80. புதிதாகப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது, ஏமாற்றப்படுவதாக நினைத்துச் சண்டை போடுவது இரண்டுமே இதில்தான். ஆதா பாவ் என்றால் 125 கிராம், தீன் பாவ் என்றால் முக்கால் கிலோ.

அடுத்த பொறி சீதாபல். டெல்லியில் அந்தப் பெயரில் கேட்டால் பரங்கிக்காயை நறுக்கித் தருவார்கள். நம் சீத்தாப்பழத்துக்கு அங்கே ஷரீஃபா என்று பெயர். தோரி என்பது பீர்க்கங்காய்தான், ஆனால் அதிகம் வருவது வரியில்லாத வழவழப்பான வகை. உடனே தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும், துவையலுக்குத் தோல் சரியாக அமையாது. லௌகி அல்லது கீயா சுரைக்காய். அர்பி சேப்பங்கிழங்கு. ஜிமிகந்த் சேனை. குந்த்ரு கோவைக்காய். சஹ்ஜன் முருங்கைக்காய். லோபியா காராமணி. சௌலாயி நம் தண்டுக்கீரை வகை. பத்துவா, நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று எப்போதாவது கண்ணில் படுவது, அங்கே குளிர்காலத்தில் கட்டுக்கட்டாகக் குவியும்.

பருப்பில் துவரை என்ற பெயரைவிட அர்ஹர் என்பதே செல்லும். உளுந்தில் கவனம் தேவை. 'உரத் சாபுத்' என்றால் கறுப்பு முழு உளுந்து, 'சில்கா' என்றால் தோலோடு உடைத்தது, 'துலி' என்றால் தோல் நீக்கியது. இட்லிக்கு வேண்டியது 'துலி சாபுத்', தோல் நீக்கிய முழு உளுந்து. உடைத்த வெள்ளை உளுந்தைப் போட்டால் பொங்கிவருவது குறையும்.

தேங்காய்க்கு 'நாரியல்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'பானீ வாலா' என்று சேருங்கள். 'கோலா' என்றால் கொப்பரை. நவராத்திரி சமயத்திலும், தீபாவளிக்குப் பின் வரும் சட் பூஜையை ஒட்டியும் சந்தையில் தேங்காய் நிறைய வரும். அப்போது வாங்கித் துருவி, கால் கிலோ பொட்டலங்களாக ஃப்ரீசரில் போட்டுவைத்தால் இரண்டு மாதம் கவலையில்லை. கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைக்கலாம். டிசம்பரில் இலை கொட்டிக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், தண்ணீரைக் குறைத்து வெயிலில் வைத்தால் மார்ச்சில் துளிர்க்கும்.

தண்ணீரை முதலில் பாருங்கள்

'இந்த ஊர்ப் பருப்பு வேகவே மாட்டேங்குது' என்ற புகாரில் பருப்பின் மேல் குற்றம் பாதிகூட இருக்காது. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் குடியிருப்புகளில் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறுகளின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். குழாய் நீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஒட்டினால் இதுதான் காரணம். ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துங்கள். கழுவுவதற்குக் குழாய் நீர் போதும். அவசரத்துக்கு ஒரு கப் பயறுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம், கூடினால் சோப்பு வாடை அடிக்கும். புளியோ தக்காளியோ பருப்பு குழைந்த பிறகுதான். புளிப்பும் வேகவிடாமல் தடுக்கும்.

அரிசியில் எதை எதற்கு

பாஸ்மதியில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பருக்கை தனி, குழம்பு தனி. தினசரிச் சாதத்துக்கு சோனா மசூரியோ, மலிவான பர்மலோ வாங்குங்கள். மோர்சாதம், வெண்பொங்கலுக்கு 'துக்டா' என்று விற்கிற உடைந்த பாஸ்மதி நன்றாகக் குழையும், விலையும் குறைவு.

புழுங்கலரிசிக்கு 'சேலா' என்று யாராவது சொல்லித் தருவார்கள். சேலாவும் புழுக்கியதுதான், ஆனால் நீள அரிசி. பிரியாணிக்கு ஏற்றது, சாதம் வடித்தால் விறைப்பாக நிற்கும். அவசரத்துக்கு இட்லி மாவில் போடலாம், அவ்வளவுதான். நீங்கள் தேடுவது 'உஸ்னா சாவல்'. பீகார், வங்காளக் குடும்பங்கள் இருக்கும் பகுதி மளிகைக் கடைகளில் மூட்டையாகவே இருக்கும். அவர்கள் வீட்டு தினசரிச் சாதமே புழுங்கல்தான். நம் குண்டரிசிக்கு மிக நெருக்கமானது, சாதத்துக்கும் இட்லிக்கும் ஆகும்.

ரொட்டி: வயிறும் கையும் பழக வேண்டும்

முழுக் கோதுமை மாவில் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு. எனவே முதல் இரண்டு வாரம் இரவு மட்டும், இரண்டு ரொட்டி. தண்ணீர் அதிகம் குடியுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து கூட்டலாம்.

நம் வீட்டுச் சப்பாத்தி எண்ணெய் விட்டுப் பிசைந்து, எண்ணெய் விட்டே சுடுவது. அவர்கள் தினசரி ரொட்டியில் எண்ணெய் இல்லை, பல வீடுகளில் உப்பும் இல்லை. 250 கிராம் மாவுக்கு 160 முதல் 175 மில்லி தண்ணீர். தண்ணீரை நான்கு தடவையாகச் சேர்த்து, 8 நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி விடுங்கள். காதுமடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்த மென்மை வர வேண்டும். இந்த அளவுக்கு 10 உருண்டை வரும்.

தவா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்டு 15, 20 நொடியில் மேலே சிறு கொப்புளம் தெரிந்ததும் திருப்புங்கள். இரண்டாம் பக்கம் 30, 40 நொடி, பழுப்புப் புள்ளி விழும்வரை. பிறகு இடுக்கியால் எடுத்து முதல் பக்கம் நெருப்பில் படும்படி நேரடியாகக் காட்டினால் உப்பும். சிறுதீயில் நிதானமாகச் சுடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஈரம் முழுக்க வற்றி அப்பளமாகிவிடும். விளிம்பு தடித்து நடு மெலிந்திருந்தாலும், தேய்க்கும்போது உலர்மாவு அதிகம் ஒட்டியிருந்தாலும் உப்பாது.

தெருவுக்குத் தெரு சக்கி, அதாவது மாவு மில் இருக்கும். 5 கிலோ மட்டும் வாங்கி மூன்று, நான்கு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அதற்குள்ளேயே வண்டு வரும்.

கடுகெண்ணெய்

மூக்கில் ஏறும் அந்தக் காரத்துக்குப் பயந்து பலர் பாட்டிலை ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். பச்சையாக ஊற்றி உடனே தாளிப்பதால் வரும் சங்கடம் அது. வாணலியில் எண்ணெயை நடுத்தரத் தீயில், லேசாகப் புகை எழும்வரை காய்ச்சுங்கள். அடர் மஞ்சள் வெளுத்து இளம் மஞ்சளாகும், நெடி குறையும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஏற்றிச் சீரகம் போடுங்கள். புகையும் எண்ணெயில் நேரே போட்டால் சீரகம் கருகிக் கசக்கும். முதலில் உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர், மீன் இவற்றில் பழகுங்கள். ரசத்துக்கும் தயிர்சாதத்துக்கும் இதில் தாளிக்க வேண்டாம். அது எத்தனை வருடம் ஆனாலும் ஒட்டாது.

முதலில் கற்க வேண்டிய இரண்டு: ராஜ்மாவும் கடியும்

ராஜ்மா 200 கிராம், 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக 3 கப் நீர், உப்பு சேர்த்து குக்கரில் பெருந்தீயில் ஒரு விசில், பிறகு சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம். இரண்டு விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா ருசிக் குறை மட்டுமல்ல. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், இல்லாவிட்டால் வாந்தி எடுக்க வைக்கும்.

மசாலாவில்தான் நம் கை அவசரப்படும். நாம் வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் அடுத்ததைப் போட்டுவிடுவோம். இங்கே 2 பெரிய வெங்காயம் நன்றாகப் பொன்னிறமாக வேண்டும், அதற்கே பத்து நிமிடம். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரைத்த தக்காளி 3, மஞ்சள், மிளகாய்த்தூள், தனியாத்தூள் 2 டீஸ்பூன் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை இன்னும் 10, 12 நிமிடம் வதக்குங்கள். 'புனாயீ' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வெந்த ராஜ்மாவை நீரோடு ஊற்றி, ஒரு கரண்டியை மட்டும் மசித்துவிட்டு 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும். கடைசியில் கரம் மசாலா அரை டீஸ்பூன். புளி, தேங்காய், சாம்பார்பொடி எதுவும் வேண்டாம். இதற்குச் சாதம்தான் ஜோடி என்பது நமக்கு ஆறுதல்.

கடி நம் மோர்க்குழம்பின் சொந்தக்காரன் போலத் தெரியும், பக்குவம் நேர் எதிர். மோர்க்குழம்பு நுரைத்து வந்ததும் இறக்க வேண்டும், கொதித்தால் திரியும். கடியில் கடலைமாவு இருப்பதால் திரியாது, ஆனால் நெடுநேரம் கொதிக்காவிட்டால் பச்சை மாவு வாசனை போகாது. புளித்த தயிர் 1 கப், கடலைமாவு 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 4 கப், மஞ்சள். கட்டியில்லாமல் கலக்கி, முதல் கொதி வரும்வரை கை விடாமல் கிளறி, பிறகு சிறுதீயில் 35, 40 நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள். வெந்தயம், சீரகம், பெருங்காயம், வரமிளகாய் தாளிப்பு.

இட்லி மாவும் தயிரும்

ஜனவரி இரவுகளில் வெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்கும் ஊர் அது. மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி தேவை. மேடையில் வைத்த மாவு காலையில் வைத்தபடியே இருக்கும்.

அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன். குளிரில் வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் 8 மணி ஊறட்டும். அரைப்பதற்கு அரை மணி முன் அரை கப் அவலை நனைத்துச் சேருங்கள். அரைக்கும்போது தெளிக்கும் நீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும், எனவே குளிர்காலத்தில் பொங்கிய பிறகுதான் உப்பு. பழைய மாவு அரைக் கப் கலந்து, கையாலேயே இரண்டு நிமிடம் கலக்குங்கள்.

பிறகு ஒரு தெர்மாகோல் பெட்டியோ, அணைத்த ஓவனோ எடுத்து, மாவுப் பாத்திரத்தோடு சுடுநீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை வைத்து மூடுங்கள். பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுடுநீரை மாற்றினால் 12 முதல் 16 மணி நேரத்துக்குள் பொங்கும். ரூம் ஹீட்டர் முன்னால் வைப்பது வீண். மேலே காய்ந்து ஆடை கட்டும், உள்ளே குளிர்ந்தே இருக்கும்.

மே, ஜூனில் கதை தலைகீழ். 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் மாவு நான்கைந்து மணியில் பொங்கிவிடும். ராத்திரி வைத்தால் காலையில் புளித்துத் தரையில் வழியும். ஐஸ் நீர் விட்டு அரைத்து, உப்பை உடனே போட்டு, பொங்கியதும் ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள்.

தயிருக்கு, குளிரில் அரை லிட்டர் பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஒரு மேசைக்கரண்டி உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் மூடி 10 மணி வைத்தால் உறையும்.

எந்தப் பருவத்தில் எது

முடிந்தால் அக்டோபர், நவம்பரில் குடிபோங்கள். சந்தை அப்போதுதான் அழகு. சிவப்பு கேரட், பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை எல்லாம் பிப்ரவரிவரை ஓடும். ஏப்ரலில் போய் இறங்குகிறவர்களுக்கு சுரை, டிண்டா என்ற உருண்டைக் காய், தோரி என்று நீர்க்காய்களே தொடர்ந்து கிடைத்து வெறுத்துப்போகும். பட்டாணியை ஜனவரியில் மலிவாக வாங்கி உரித்து, கொதிநீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் நீர், பிறகு ஈரம் துடைத்து ஃப்ரீசரில் போட்டால் ஆறு மாதம் வரும்.

கடுகுக்கீரையைச் சும்மா மசித்தால் கசக்கும். கடுகுக்கீரை 1 கிலோவுக்குப் பத்துவா கால் கிலோ, பாலக் கீரை கால் கிலோ சேர்ப்பதே அந்தக் கசப்பைத் தணிக்கத்தான். ஐந்து தண்ணீரில் அலசுங்கள், மண் அதிகம். முக்கால் மணி வேகவைத்து, கடைந்து, மக்காச்சோள மாவு 2 மேசைக்கரண்டி தூவி இன்னும் 15 நிமிடம். நம் வீட்டுக் கீரை மத்தே போதும், மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும்.

குளிர் முடியும் தறுவாயில் யாராவது 'காஞ்ஜி' குடிக்கக் கூப்பிட்டால் சோற்றுக் கஞ்சி என்று நினைத்துப் போகாதீர்கள். கறுப்புக் கேரட்டும் அரைத்த கடுகும் நீரில் போட்டு வெயிலில் சில நாள் புளிக்கவைத்த பானம் அது. முதல் வாய் திடுக்கிடவைக்கும்.

விரத நாளும் அக்கம்பக்கமும்

மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் நவராத்திரி ஒன்பது நாள். பல வீடுகளில் வெங்காயம், பூண்டு, அசைவம் கிடையாது. விரதம் இருப்பவர்கள் அரிசி, கோதுமையையும் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்குச் சாம்பார் கொடுத்தனுப்புவது உபசாரமாகாது. செவ்வாய்க்கிழமை முட்டைகூடச் சேர்க்காதவர்கள் உண்டு. விருந்துக்கு அழைக்கும்முன் கேட்டுவிடுங்கள்.

விரதச் சாமான் அடுக்கில் நமக்கும் ஒரு லாபம் இருக்கிறது. 'சமக் சாவல்' என்று விற்பது நம் குதிரைவாலியேதான். குட்டு மாவு (பக்வீட் என்ற தானியத்தின் மாவு) வாங்கினால் மட்டும் தேதி பார்த்து, சீல் வைத்த பாக்கெட்டாக வாங்குங்கள். பழைய குட்டு மாவு தின்று வயிற்றுப்போக்கு வந்தவர்கள் பற்றிய செய்தி நவராத்திரிதோறும் வருகிறது.

அஷ்டமி, நவமியில் சிறுமிகளை அழைத்து பூரி, கறுப்புக் கொண்டைக்கடலை, ரவை அல்வா படைப்பார்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் காலையிலேயே அழைப்பு வரும், அன்று டிபனைக் குறைவாகக் கொடுத்து அனுப்புங்கள். கடலை நம் சுண்டல்தான், தேங்காய் இல்லாமல். குருத்வாராவில் லங்கர் என்ற பொது உணவைச் சாப்பிடப் போனால் தலையை மூடிக்கொண்டு, ரொட்டியை இரு கை நீட்டி வாங்க வேண்டும். தட்டில் மீதம் வைக்கக் கூடாது.

எதிர்வீட்டு பாபி ஜி ஒரு டப்பாவில் எதையாவது கொடுத்தனுப்பினால் அந்த டப்பா வெறுமையாகத் திரும்பக் கூடாது. மெதுவடை நல்ல தேர்வு, வெங்காயம் போடாமல் மிளகு மட்டும் போட்டுச் சுட்டது. விரத நாள் தவிர எந்தக் கிழமையிலும் எந்த வீட்டுக்கும் போகும்.